நெட்டைக்கால் பூச்சியின் காலில் சிவப்பு மணிகள்: கோத்தகிரி சோலையோரம் பார்த்தது

சோலைமந்தி
அக்டோபர் 14, இரவு 9:12

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். பள்ளியிலிருந்து வீட்டுக்கு வரும் குறுக்குப் பாதை சோலையை ஒட்டிப் போகும். பாதி வழியில் ஓடைமேல் பழைய கல்பாலம் ஒன்று உண்டு. அதன் கைப்பிடிச் சுவரின் உள்பக்கம், பாசி படிந்த நிழலில், மழை பிடித்ததிலிருந்து நெட்டைக்கால் பூச்சிகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மிளகு அளவு உடம்பு, மயிரிழை மாதிரிக் கால்கள். கிட்டே போய் மூச்சு பட்டால் போதும், மொத்தக் கூட்டமும் மேலும் கீழுமாக ஆடத் தொடங்கிவிடும். என் வகுப்புப் பிள்ளைகள் இதற்கு ஊஞ்சல் பூச்சி என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

இத்தனை நாள் கூட்டத்தைத்தான் பார்த்துவந்தேன். இன்றைக்குத்தான் ஒன்றை மட்டும் கைலென்ஸ் வைத்துப் பார்த்தேன். பின்னங்கால் ஒன்றில் குங்குமச் சிவப்பில் மணி மணியாக மூன்று. முதுகில் இன்னொன்று. முட்டை என்றுதான் முதலில் நினைத்தேன். வெகுநேரம் பார்த்த பிறகு அதில் ஒரு மணிக்குக் கால்கள் இருப்பது தெரிந்தது. எண்ணினேன், ஆறு. மறுபடி எண்ணினேன், ஆறுதான்.

இது என்ன உயிர்? நெட்டைக்காலுக்கு இதனால் தொல்லையா? எடுத்துவிட்டால் உதவியாக இருக்குமா? நாளைக்குப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேயிலைக்காட்டான்
அக்டோபர் 14, இரவு 9:50

டீச்சர், நான் வால்பாறையில் எஸ்டேட் வேலை. சிவப்பாக, பொடிசாக என்றால் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ரெட் ஸ்பைடர்தான். வெயில் காலத்தில் தேயிலையின் முற்றிய இலையில் ஏறி, இலையைச் செம்பு நிறமாக்கிவிடும். பக்கத்துத் தேயிலையிலிருந்து பாலத்துக்கு வந்திருக்குமோ?

எட்டுக்கால்
அக்டோபர் 15, காலை 6:05

டீச்சரம்மா, அந்தக் கால்களை இரண்டு தடவை எண்ணினீர்களே, பாதி விடை அங்கேயே இருக்கிறது.

விலங்கியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சுமப்பவர். நாம் பூச்சி என்கிறோம், ஆனால் அது பூச்சியும் இல்லை, சிலந்தியும் இல்லை. சிலந்திக்கும் தேளுக்கும் பங்காளி. ஓப்பிலியோனிஸ் என்று தனி வரிசை, உலகத்தில் 6,500க்கு மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். சிலந்திக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும். இதற்கு இடுப்பே கிடையாது, தலையும் வயிறும் சேர்ந்து ஒரே உருண்டை. சிலந்திகளில் பெரும்பாலானவற்றுக்கு எட்டுக் கண். இதற்கு இரண்டே கண், அதுவும் முதுகின் முன்பக்கம் சின்ன மேடு ஒன்றின் இரு பக்கமும் உட்கார்ந்திருக்கும். லென்ஸில் அந்த மேட்டைப் பாருங்கள், கோபுரத்தில் இரண்டு விளக்கு வைத்தாற்போல் இருக்கும். நூல் நூற்காது. விஷச் சுரப்பி கிடையாது. உலகத்திலேயே கொடிய விஷம் இதற்குத்தான், பல் சின்னதாக இருப்பதால் நம்மைக் கடிக்க முடியவில்லை என்று ஒரு கதை சுற்றுகிறது, அது முழுப் பொய். பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

சிலந்தி இரையைக் கரைத்துக் குடிக்கும். இது கடித்துத் துண்டாகவே விழுங்கும். செத்த புழு, காளான், கனிந்த பழம், அசுவினி, எது கிடைத்தாலும் சரி. இந்தக் குலம் எவ்வளவு பழையது என்றால், ஸ்காட்லாந்தில் ரைனி என்ற ஊர்ப் பாறையில் சுமார் 40 கோடி ஆண்டுக்கு முந்தைய நெட்டைக்கால் ஒன்று புதைபடிவமாகக் கிடைத்திருக்கிறது. உள்ளேயிருக்கும் மூச்சுக்குழல்கூடத் தெரிகிற அளவுக்குப் பாதுகாப்பாக. டைனோசர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே இது இதே உருவத்தில் நடந்துகொண்டிருந்தது.

இனி உங்கள் மணிகள். அவை சிற்றுண்ணிக் குஞ்சுகள், ஆங்கிலத்தில் மைட் என்பார்கள். சிற்றுண்ணிக்கு வளர்ந்தபின் எட்டுக் கால், குஞ்சாக இருக்கும்போது ஆறு. நெட்டைக்கால்மேல் இப்படிச் சிவப்பாக ஒட்டியிருப்பவை பெரும்பாலும் எரித்ரேயிடே குடும்பத்து லெப்டஸ் பேரினம். முட்டையிலிருந்து வரும்போது அரை மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். வாய்க்கொடுக்கால் நெட்டைக்காலின் மேல்தோலைத் துளைத்து எச்சிலை விடும். அந்த எச்சில் உள்ளே இறுகி ஒரு உறிஞ்சுகுழல்போல ஆகிவிடும். அதன் வழியாக உடல்திரவத்தைக் குடித்துக்கொண்டு அதே இடத்தில் இருக்கும். வயிறு ஊத ஊதக் கால்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகும். முட்டை என்று நீங்கள் நினைத்தது அதனால்தான். நன்றாகக் குடித்ததைப் பார்த்திருக்கிறீர்கள்.

தேயிலைக்காட்டான் கேட்டதற்கு: ரெட் ஸ்பைடர் வேறு. அதுவும் சிற்றுண்ணிதான், ஆனால் இலைச்சாறு மட்டும் குடிக்கும் வேறொரு குடும்பம். நெட்டைக்கால்மேல் ஏறாது.

எடுத்துவிடலாமா என்ற கேள்விக்கு: வேண்டாம். ஏன் என்று இரவில் எழுதுகிறேன்.

படம்பிடிப்பவன்
அக்டோபர் 15, மதியம் 1:30

ஐயா எழுதும் முன்னால் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கொடைக்கானல் பாம்பார் சோலைப் பக்கம் மேக்ரோ படம் எடுக்கப் போயிருந்தேன். கருநீலம் மின்னும் உடம்போடு ஒரு நெட்டைக்கால். அவ்வளவு அழகு. முன்னங்காலில் இரண்டு சிவப்பு மணி. பாவம், இரத்தம் குடிக்கிறதே என்று மனசு தாங்கவில்லை, கூடவே படமும் சுத்தமாக வரும் என்று ஆசை. நுனி கூர்மையான சாமணம் வைத்திருந்தேன். மணியைப் பிடித்து இழுத்தேன். மணி வரவில்லை, கால் வந்துவிட்டது.

மணி ஒட்டியபடியே அந்தக் கால் என் உள்ளங்கையில் கிடந்து மடங்கி மடங்கித் துடித்தது. ஒரு நிமிஷத்துக்கு மேலேயே துடித்திருக்கும். நெட்டைக்கால் ஏழு காலோடு ஓடி இலைக்குள் போய்விட்டது. அன்றைக்கு எடுத்த படம் எதையும் நான் எங்கேயும் போடவில்லை.

அக்கா, சாமணத்தை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

சோலைமந்தி
அக்டோபர் 15, மாலை 5:40

இதைப் படித்ததிலிருந்து மனசு கனத்துக் கிடக்கிறது. நானும் நாளைக்கு அதைத்தான் செய்திருப்பேன் தம்பி. வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி.

அந்தக் கால் திரும்ப முளைக்குமா?

எட்டுக்கால்
அக்டோபர் 15, இரவு 8:20

முளைக்காது. சிலந்திக்கு இளமையில் போன கால், தோலுரிக்கும்போது முளைக்கும். நெட்டைக்காலுக்கு எந்த வயதிலும் முளைப்பதில்லை. போனது போனதுதான். காட்டில் ஏழு கால், ஆறு கால் நெட்டைக்கால்களை நிறையப் பார்க்கலாம், ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பல்லியிடமோ பறவையிடமோ தப்பிய கணக்கு.

கால் துடிப்பதும் அந்தத் தப்பித்தலின் ஒரு பகுதி. பிடித்த காலைத் தானே கழற்றிவிட்டு ஓடிவிடும். கழன்ற காலின் முதல் நீளத் துண்டிலேயே தசையை இயக்குவதற்கு வேண்டிய நரம்பு ஏற்பாடு இருக்கிறது. நீண்ட கால் உடைய இனங்களில் காலிலேயே மூச்சுத்துளைகளும் உண்டு. ஆகவே உடம்பைவிட்டுப் பிரிந்த பிறகும் கால் மட்டும் தனியாக ஆடும், பிடித்தவனின் கண் அதன்மேல் போகும். உங்கள் கண்ணும் அங்கேதான் போயிருக்கிறது தம்பி. அது வலியில் துடிப்பது இல்லை. இதை உங்கள் மன ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, உடற்கூறு அப்படி.

ஆனால் எந்தக் கால் போகிறது என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. முன்னாலிருந்து எண்ணினால் இரண்டாவது சோடி எல்லாவற்றையும்விட நீளம். அது நடப்பதற்கல்ல. அந்த இரண்டையும் முன்னால் நீட்டித் தடவித் தடவித்தான் அது உலகத்தை அறிகிறது. கண் அதற்கு வெளிச்சம், இருட்டு பார்க்கும் அளவுக்குத்தான் உதவும். அந்தச் சோடியில் இரண்டும் போனால் இரையும் தெரியாது, துணையும் தெரியாது. சிவப்பு மணி அந்தக் காலில் இருந்து, நாம் இழுத்து, அது காலைக் கழற்றினால், நாலு துளி குடிக்க வந்த குஞ்சைவிட நாம் செய்த கேடு பல மடங்கு.

கால் கழலாமல் மணி மட்டும் வந்தாலும் உறிஞ்சுகுழல் உள்ளேயே நிற்கும், புண்ணும் திறந்துவிடும். மணியும் பிழைக்காது.

நெட்டைக்காலுக்குத் தன்னைத் தானே சுத்தம் செய்யத் தெரியும். ஒவ்வொரு காலாக வாய்க்குக் கொண்டுவந்து, அடியிலிருந்து நுனிவரை கொடுக்குகளின் நடுவே நூல் உருவுவதுபோல் உருவும். டீச்சரம்மா, பத்து நிமிடம் அசையாமல் நின்றால் நீங்களே பார்த்துவிடலாம், பார்க்க அவ்வளவு அமைதியான காட்சி. முதுகிலும் காலின் அடிமூட்டிலும் ஒட்டியதுதான் அந்த உருவலுக்கு அகப்படாது.

முல்லைக்கொடி
அக்டோபர் 16, காலை 7:15

எனக்கு விலங்கியல் தெரியாது, தமிழ் படித்தவள். எரித்ரேயிடே என்று ஐயா சொன்ன குடும்பத்துக்கும், மழை விட்டதும் செம்மண்ணில் ஊரும் வெல்வெட் பூச்சிக்கும் உறவு உண்டா? எங்கள் ஊரில் பட்டுப்பூச்சி என்போம். தீப்பெட்டியில் புல் போட்டு வளர்த்திருக்கிறோம். சங்கப் பாடல்களில் முல்லைத் திணையில் மூதாய் என்று வருவது இதுதான். தலைவன் திரும்பி வரும் வழியெல்லாம் செந்நிறமாக அது வரி வரியாக ஊர்ந்துபோகும். ஈயல் மூதாய் என்றும் வருகிறது.

எட்டுக்கால்
அக்டோபர் 16, காலை 9:00

உண்டு அம்மா, நெருங்கிய உறவுதான். இரண்டும் பாராசிடெங்கோனா என்ற ஒரே பெரும் குழு. இந்தக் குழுவின் வழக்கமே அதுதான்: குஞ்சுப் பருவத்தில் இன்னொரு உயிர்மேல் ஒட்டிக் குடிப்பது, வளர்ந்தபின் மண்ணில் திரிந்து வேட்டையாடுவது. தீப்பெட்டியில் நாம் எல்லாரும் வளர்த்த அந்தப் பட்டுப்பூச்சியும் ஒரு காலத்தில் எள்ளைவிடச் சின்னதாக, ஆறு காலோடு, ஏதோ ஒரு வெட்டுக்கிளியின் உடம்பிலோ வேறு பூச்சியின் உடம்பிலோ தொங்கிக்கொண்டிருந்ததுதான்.

நடுவில் இரண்டு உறக்கப் பருவங்கள். குஞ்சு வயிறு நிறைந்து மண்ணில் விழுந்ததும் அசையாமல் கிடக்கும். தோலுக்குள்ளேயே மாறி எட்டுக் காலோடு வெளியே வந்து ஓடும், சின்ன உயிர்களையும் முட்டைகளையும் பிடித்துத் தின்னும். பிறகு மறுபடி ஒரு அசையாப் பருவம். அதன் பிறகுதான் முழு வளர்ச்சி. இத்தனை கட்டங்களில் ஒட்டுண்ணியாக இருப்பது அந்த ஒரே ஒரு கட்டம்.

ஈயல் மூதாய் என்றீர்களே, ஈசல் கிளம்பும் அதே மழைக்குத்தான் பட்டுப்பூச்சியும் மண்ணைவிட்டு மேலே வரும். வறண்ட நிலங்களில் வாழும் பெரிய வெல்வெட் வகைகள் அந்த ஈசலையே பிடித்துத் தின்பதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். இரண்டையும் ஒரே தொடரில் சேர்த்துச் சொன்னவர் மழை விட்ட தரையைக் குனிந்து பார்த்தவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

முல்லைக்கொடி
அக்டோபர் 16, காலை 9:22

இத்தனை வருடம் அந்த வரிகளை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். உவமை என்று மட்டும்தான் நடத்தினேன். இனிமேல் வேறு மாதிரி நடத்துவேன்.

வன்னிமகள்
அக்டோபர் 16, இரவு 11:48

நான் கனடாவில, ஒன்டாரியோவில இருக்கிறன். ஊரில நாங்கள் அந்தப் பட்டுப்பூச்சியைத் தம்பளப்பூச்சி எண்டு சொல்லுவம். மாரி மழைக்கு முதல்ல வாறது அதுதான். அம்மம்மா உள்ளங்கையில வைச்சுக் காட்டுவா.

இங்க வீட்டுக்குப் பின்னால மேப்பிள் காடு. நெட்டைக்கால் நிறைய. சுவரிலயும் தோட்டத்திலயும் இருக்கிறது ஃபலாஞ்சியம் ஓப்பிலியோ, ஐரோப்பாவில இருந்து ஆக்களோட சேர்ந்து வந்து பரவினது. 1758இல விஞ்ஞானி லின்னேயஸ் பேர் வைச்சது. ஓப்பிலியோ எண்டால் லத்தீனில ஆட்டிடையன். அறுப்பு நேரத்தில வயலெல்லாம் காணுறதால இங்கத்தை ஆக்கள் அறுவடைக்காரன் எண்டும் சொல்லுறவை. காட்டுக்குள்ள மரத்தில இருக்கிறது வேற, லெயோபுனம், இன்னும் நெட்டைக் கால்.

சிவப்பு மணியோட நான் காணுறது யூலை, ஆவணியில. இப்ப ஒண்டும் இல்லை. இங்க பனி கொட்டத் தொடங்கினால் பெரியதுகள் எல்லாம் செத்துப்போம், மண்ணுக்குள்ள முட்டை மட்டும்தான் அடுத்த சித்திரைக்குத் தப்பும். ஐயா, கோத்தகிரியில பனிக்காலம் இப்பிடி இல்லைத்தானே? அப்ப சிற்றுண்ணிக்கு வருசம் முழுக்க நெட்டைக்கால் கிடைக்குமோ?

எட்டுக்கால்
அக்டோபர் 17, காலை 6:30

நல்ல கேள்வி மகளே. இதற்கு விடை யாராவது ஒருவர் ஒரே இடத்தில் பன்னிரண்டு மாதம் பார்த்துக் குறித்தால்தான் வரும். மேற்குத் தொடர்ச்சி மலை நெட்டைக்கால்களில் பலவற்றுக்கு ரோவர் என்ற ஜெர்மானியர் நூறு வருடத்துக்கு முன்னால் பெயர் சூட்டினார், அவர் திரட்டியவை பிராங்க்பர்ட்டின் சென்கென்பெர்க் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவர் ஆராய்ந்தது சாராயத்தில் ஊறிய உடல்களை. உயிரோடு இருக்கும்போது அவை என்ன செய்கின்றன என்பதை டீச்சரம்மா போல அதே பாதையில் தினமும் நடக்கிறவர்கள்தான் எழுத முடியும்.

தேயிலைக்காட்டான்
அக்டோபர் 17, இரவு 10:10

இந்த இழையைப் படித்துவிட்டு இன்றைக்கு நானும் எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் துண்டுக்காட்டு ஓரத்தில் டார்ச்சோடு அரை மணி நின்றேன். இருபது வருடமாக இந்தப் பாதையில் நடக்கிறேன், நெட்டைக்காலை நின்று பார்த்தது இன்றைக்குத்தான்.

கண்டதைச் சொல்கிறேன். பகலில் ஒட்டிக் கிடக்கும் கூட்டம் இருட்டியதும் பிரிந்துவிடுகிறது. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் போகிறது. ஒன்று ஏலக்காய் இலைமேல் செத்த அந்துப்பூச்சியைத் தின்றுகொண்டிருந்தது. வெள்ளை வெளிச்சத்தை நேராக அடித்தால் ஓடுகிறது. டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினேன், ஓடவில்லை. ஆனால் சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு மணி தெரியவே இல்லை! ஆகவே சிவப்பில் தேடிக் கண்டுபிடித்துவிட்டு, ஒரு நொடி மட்டும் வெள்ளை அடித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்பது நெட்டைக்கால் பார்த்தேன். ஏழில் ஒன்றும் இல்லை. ஒன்றில் ஒரு மணி. மற்றொன்றில் பதினொன்று.

யாராவது இதைப் பார்த்துக் கிளம்பினால் தனியாகப் போகாதீர்கள். இங்கே யானை வரும் நேரம் அது. கோத்தகிரிப் பக்கம் கரடியும் காட்டெருமையும். லென்ஸில் கண்ணை வைத்தால் முதுகுப் பக்கம் என்ன வருகிறது என்று தெரியாது. ஒருவர் பார்க்க, ஒருவர் காவல் நிற்க வேண்டும். அட்டைக்குக் காலுறையின் மேல் மூக்குப்பொடி கலந்த தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் போதும்.

படம்பிடிப்பவன்
அக்டோபர் 17, இரவு 10:45

பதினொன்றா! அண்ணா, அதற்குமா நாம் சும்மா இருக்க வேண்டும்? ஒன்றிரண்டு என்றால் சரி என்று ஒப்புக்கொள்கிறேன். பதினொன்று சேர்ந்து குடித்தால் அது எப்படித் தாங்கும்? நான் செய்தது தவறான முறை, சரி. ஆனால் கஷ்டப்படுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்பதும் எனக்கு முடியவில்லை.

எட்டுக்கால்
அக்டோபர் 18, காலை 7:00

தம்பி, உங்கள் இரக்கத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அது இல்லாதவன் காட்டுக்குள் போய்ப் பயனில்லை.

தேயிலைக்காட்டான் எண்ணியதைக் கவனியுங்கள். ஏழில் இல்லை, ஒன்றில் ஒன்று, ஒன்றில் பதினொன்று. ஒட்டுண்ணிகள் எல்லா உயிர்மேலும் சமமாகப் பங்கு போட்டுக்கொள்வதில்லை. பெரும்பாலானவற்றில் ஒன்றும் இருக்காது, மிகச் சிலவற்றில் குவிந்து கிடக்கும். மாட்டுக்கு உண்ணி, மீனுக்குப் புழு, மனிதனுக்குக் குடல்புழு, எங்கே எண்ணினாலும் இந்த வடிவம்தான் வரும். அந்தப் பதினொன்றைச் சுமப்பது ஒருவேளை குஞ்சுகள் பொரிந்த இடத்தின் மேலேயே உட்கார்ந்திருந்திருக்கலாம். அதற்குச் சுமைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. உணவு குறைந்த நேரத்தில் அது செத்தும் போகலாம்.

ஆனால் நாம் காப்பாற்ற நினைப்பது யாரை? அந்தப் பதினொன்றும் குழந்தைகள். இந்த ஒரு வேளைச் சாப்பாடு கிடைக்காவிட்டால் அவற்றுக்கு அடுத்த கட்டமே இல்லை. பிழைத்து மண்ணில் இறங்கினால் அவை அந்தச் சோலையின் இலைச்சருகில் வேட்டையாடும் உயிர்கள். நெட்டைக்காலும் வேட்டையாடி, சிற்றுண்ணியும் வேட்டையாடி. ஒருவர் பக்கம் மட்டும் நின்று தீர்ப்பு சொல்ல நமக்கு என்ன தெரியும்?

இன்னொரு விஷயம். சோலை காப்புக்காடு. உள்ளே நுழையவே வனத்துறை அனுமதி வேண்டும், உயிர்களைப் பிடிப்பதோ எடுத்துவருவதோ கூடாது. பாதையோரம் நின்று பார்ப்பதற்கே நமக்கு ஒரு ஆயுள் போதாது.

படம்பிடிப்பவன்
அக்டோபர் 18, காலை 8:15

யோசிக்கிறேன் ஐயா. குழந்தைகள் என்று நீங்கள் சொன்ன இடத்தில் நின்றுவிட்டேன். நான் அதை ஒட்டுண்ணி என்று மட்டும்தான் பார்த்தேன்.

வன்னிமகள்
அக்டோபர் 18, இரவு 11:05

பிள்ளைகளோட போறவைக்கு ஒரு கேள்வி. இந்தக் குஞ்சுகள் எங்களிலயும் ஏறுமோ?

எட்டுக்கால்
அக்டோபர் 19, காலை 6:40

லெப்டஸ் குஞ்சு மனிதனைத் தேடி வருவதில்லை. ஆனால் அதே பெரும் குழுவில் இன்னொரு குடும்பம் இருக்கிறது, டிராம்பிகுலிடே. அதன் குஞ்சுகள் எலி, பறவை, மனிதன் எல்லார்மேலும் ஏறும். ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலைப் பரப்புவது அவற்றில் சில. தமிழ்நாட்டில் மழைக்காலத்திலும் அதன் பின் வரும் குளிர்மாதங்களிலும் அந்தக் காய்ச்சல் வருகிறது. கடித்த இடம் வலிக்காது, கண்ணுக்கும் தெரியாது. அக்குள், இடுப்பு, தொடை இடுக்குகளில் சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு ஒன்று வரலாம்.

ஆகவே டீச்சரம்மா, பிள்ளைகளைக் கூட்டிப்போனால் புல்லில் உட்காரவிடாதீர்கள். முழுக்கை, முழுக்கால் உடுப்பு. வந்ததும் குளித்து, போட்டிருந்த துணியை வெந்நீரில் போட்டுவிட வேண்டும். அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால், புதர்க்காட்டுக்குப் போனோம் என்று மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகளுக்கு நன்றாகக் கேட்கும் காய்ச்சல் அது. சொல்லாமல் விட்டு, நாள் கடந்தால்தான் ஆபத்து.

சோலைமந்தி
அக்டோபர் 27, இரவு 8:55

பத்து நாளாக எழுதவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பாலத்துச் சுவரில் ஒன்றைத் தேர்ந்துகொண்டேன். இடப்பக்கம் மூன்றாவது கால் இல்லாதது, அதனால் சாயம் எதுவும் தொடாமலே தினமும் அடையாளம் தெரிந்தது. முதுகில், கண்மேட்டுக்குச் சற்றுப் பின்னால், ஒரே ஒரு மணி. 17ஆம் தேதி பார்க்கும்போது அது ஊசிமுனை அளவு, கால்கள் தெளிவாகத் தெரிந்தன. நிறம் ஆரஞ்சு. 19ஆம் தேதி கடுகில் பாதி. கால்கள் அடியில் ஒளிந்துவிட்டன. 20, 21 இரண்டு நாளும் விடாத மழை, வடகிழக்கு நன்றாகவே பிடித்துக்கொண்டது, போக முடியவில்லை. 22ஆம் தேதி பயந்துகொண்டே போனேன். கூட்டம் ஒரு முழம் மேலே நகர்ந்திருந்தது, ஓடைத் தண்ணீர் ஏறியிருக்க வேண்டும். ஏழுகாலன் அங்கேயே இருந்தது. மணி நல்ல அடர்சிவப்பு, பளபளவென்று தோல் இழுபட்டு நின்றது.

ஐயா சொன்ன காலுருவலை 23ஆம் தேதி பார்த்தேன். இரண்டாவது காலை வளைத்து வாயில் வைத்து, நுனிவரை மெதுவாக உருவிவிட்டு, சடாரென்று விட்டது. கால் வில்போல் நிமிர்ந்தது. அடுத்த கால். ஏழு காலையும் முடித்தது. எட்டாவது இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு கணம் நின்ற மாதிரி எனக்குத் தோன்றியது. என் கற்பனையாக இருக்கலாம்.

பிள்ளைகளில் நான்கு பேரைப் பெற்றோர் அனுமதியோடு கூட்டிப்போனேன். ஒருத்தி காவல், மற்றவர்கள் லென்ஸ், முறை மாற்றி. தொடாமல் பார்க்க வேண்டும் என்று சொன்னதும், மூச்சு விடக்கூடாது என்று எடுத்துக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். ஒரு பையன் கேட்டான்: டீச்சர், அதுக்கு இது மேல உட்கார்ந்திருக்கிறது தெரியுமா? எனக்குப் பதில் தெரியவில்லை. ஐயா, தெரியுமா?

நேற்று 26ஆம் தேதி மணி இல்லை. இருந்த இடத்தில் பழுப்பாக ஒரு புள்ளி. ஏழுகாலன் வழக்கம்போல் சுவரில், ஆளைக் கண்டதும் ஆடியது. சுவரின் அடியில் பாசியையும் சருகையும் குனிந்து பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. அவ்வளவு சின்னது அங்கே எங்கே தெரியப்போகிறது.

எட்டுக்கால்
அக்டோபர் 28, காலை 6:10

டீச்சரம்மா, தேதி போட்டு எழுதிய இந்தக் குறிப்பை ஒரு நோட்டில் தனியாகப் பகர்த்து வையுங்கள். மழை, தண்ணீர் ஏறியது, கூட்டம் நகர்ந்தது எல்லாவற்றையும் சேர்த்து. உயிர்களைக் கண்டவர்கள் படத்தோடு பதிவு போடும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் படத்தையும் ஏற்றிவிடுங்கள், நெட்டைக்காலுக்கு ஒரு பதிவு, சிற்றுண்ணிக்கு ஒரு பதிவு என்று தனித்தனியாக. பலர் நெட்டைக்காலுக்கு மட்டும் போடுகிறார்கள், சிற்றுண்ணி அதே படத்தில் பெயரில்லாமல் போய்விடுகிறது.

பையன் கேட்டதற்கு: காலில் ஒட்டியது தெரியும், அதனால்தான் உருவுகிறது. காலெங்கும் உணர்மயிர்கள் உண்டு. முதுகில் இருப்பது தெரிகிறதா என்பதற்கு நம்மால் கேட்டுச் சொல்ல முடியாது. அந்தக் கேள்வியை அவன் பெயரோடு நோட்டில் எழுதி வையுங்கள்.

தேயிலைக்காட்டான்
அக்டோபர் 28, இரவு 9:30

கோத்தகிரி லாங்வுட் சோலை 116 ஹெக்டேர்தான், அதையே 2024இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள் என்று படித்தேன். ஊருக்குக் குடிதண்ணீர் தரும் சோலை. நெட்டைக்கால் உடம்பில் ஈரம் நிற்காது, வெயில் பட்டால் காய்ந்துவிடும் என்றால், தண்ணீர் ஊறும் இடத்தில்தானே அதுவும் நிற்கும். எங்கள் துண்டுக்காட்டில் ஓடை வற்றிய பக்கத்தில் நான் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. ஓடை இருக்கும் பக்கம் மட்டும்தான். இனிமேல் இரண்டு பக்கமும் மாதம் ஒரு தடவை எண்ணிப் போடுகிறேன்.

படம்பிடிப்பவன்
அக்டோபர் 29, மதியம் 2:00

நானும் எண்ணுகிறேன் அண்ணா. பாம்பார் சோலைப் பாதையில். சாமணத்தைத் தம்பி ஒருவனுக்கு வாட்ச் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டேன்.

சோலைமந்தி
நவம்பர் 9, மாலை 6:20

இன்றைக்கு மழை விட்டு வெயில் அடித்தது. பாலத்துக்குக் கீழே, ஓடைக்கல்லின் பாசிமேல், சிவப்பாக ஒன்று வேகமாக ஓடியது. அரிசியில் பாதி இருக்கும். நீளமான கால்கள், எட்டு. இரண்டு தடவை எண்ணினேன். பட்டுப்பூச்சி மாதிரிப் பொதபொதவென்று இல்லை, ஒல்லி. கல்லின் விளிம்பில் நின்று முன்னங்காலைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது, பிறகு பாசிக்குள் இறங்கிவிட்டது. ஏழுகாலன்மேல் இருந்ததுதானா என்று சொல்ல எந்த வழியும் இல்லை, நாள் கணக்கும் பொருந்துமா தெரியவில்லை. படம் ஒன்று எடுத்தேன், கலங்கலாக இருக்கிறது, இருந்தாலும் போடுகிறேன். கண் இருக்கும் இடம் தெரிகிறதா என்று ஐயா பாருங்கள்.

ஏழுகாலன் இன்றைக்கும் சுவரில் இருந்தது. காலில் புதிதாக ஒரு ஆரஞ்சுப் புள்ளி.